சிரித்து முடித்தாயிற்றா?

நேற்று முழுக்க இணையத்தில் ஒரு வால்டார்ஃப் பள்ளியைக் கேலி செய்யும் அந்தப் புகைப்படம்தான் சுற்றியது. வெயிலில் நாடாவும் கோலும் பிடித்து நிலம் அளக்கும் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள். "மற்றவர்கள் படிக்கிறார்கள், இவர்கள் வேலி போடுகிறார்கள்" என்று மேலே ஒரு வரி. பலே.

அது படிப்புதான் சாமி. ருடால்ஃப் ஸ்டைனர் உருவாக்கிய கல்விமுறையில் நடக்கும் இந்த வால்டார்ஃப் பள்ளிகளில் பத்தாம் வகுப்புக்கு நில அளவை ஒரு பாடம். திரிகோணமிதியைக் கரும்பலகையில் போட்டதோடு விடாமல் மண்ணில் நின்று சரிபார்க்கிறார்கள். கோணம் கொஞ்சம் பிசகினாலும், சுற்றி அளந்து புறப்பட்ட புள்ளிக்கு வந்தால் வரைபடத்தில் கோடு சேராது. வாத்தியார் சிவப்பு மையில் சுழிக்கவே வேண்டாம்.

உயர்நிலை வகுப்புகளுக்கு அங்கே வருடத்துக்கு ஒரு மையக் கேள்வி என்று ஒரு கணக்கு உண்டு. ஒன்பதில் 'என்ன?', பத்தில் 'எப்படி?', பதினொன்றில் 'ஏன்?', பன்னிரண்டில் 'யார்?'. இயற்பியலில் முதலில் சோதனையைப் பார்க்க வேண்டும், கண்டதை அப்படியே சொல்ல வேண்டும். விளக்கமும் விதியும் பெரும்பாலும் மறுநாள்தான். தானாக யோசித்து முடிவெடுக்கும் ஆளாக ஒரு பிள்ளை வெளியே வர வேண்டும் என்பதுதான் நோக்கம். அதனால் திரும்பவும் சொல்கிறேன், அது படிப்புதான்.

என் மகள் அப்படி ஒரு பள்ளியில் ஒன்பதில் இருந்தபோது வீட்டில் எல்லாவற்றுக்கும் சண்டை. உலகத்தில் எதுவும் ஒன்று சரி, இல்லாவிட்டால் தப்பு. நடுவில் எதுவும் கிடையாது. அந்த வயதுக்கென்றே அங்கே கரித்துண்டைக் கொடுத்துக் கறுப்பு வெள்ளையில் வரைய வைக்கிறார்கள். இடையில் எத்தனை சாம்பல் இருக்கிறது என்று கை கண்டுபிடிக்கும். அந்த வருடம் வீட்டுக்கு வந்த உறவினர் ஒருவர் "பாடப்புத்தகம் எங்கேம்மா?" என்றார். அங்கே பாடப்புத்தகத்துக்குப் பதில் பிள்ளைகளே உருவாக்கும் 'மெயின் லெசன்' நோட்டை, அவளே எழுதி வரைந்ததை, நீட்டினாள். வெப்ப எஞ்சின் எப்படி ஓடுகிறது என்று பக்கம் பக்கமாக எழுதியிருந்தாள். புரட்டிவிட்டு, "கையெழுத்து நல்லா இருக்கு" என்றார். அவ்வளவுதான்.

உடனே வருவீர்கள், "ஸ்டைனர் மனித இனங்களைப் பற்றி மோசமாக எழுதியது தெரியுமா?" என்று. தெரியும். படித்தால் வயிறு எரியும். அவருடைய ஆன்மிகத்தில் எனக்கு ஒரு பிடிப்பும் இல்லை. அதற்காக நில அளவை பொய்யாகிவிடுமா?

"பணக்காரர்கள் பள்ளி." இதுதான் என்னை அதிகம் சுடுகிறது. 1919இல் ஸ்டட்கார்ட்டில் முதல் பள்ளியைத் தொடங்கச் செய்தவர் எமில் மோல்ட், வால்டார்ஃப் அஸ்டோரியா சிகரெட் ஆலையின் முதலாளி. தொடங்கியது தொழிலாளிகளின் பிள்ளைகளுக்காக. ஆணும் பெண்ணும் ஒரே வகுப்பில், எல்லாருக்கும் ஒரே படிப்பு. 1938இல் நாஜி ஆட்சியில் அது மூடப்பட்டது. இன்று பல இடங்களில் கட்டணம் கண்ணைக் கட்டுகிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கோபப்படுகிறவர் "இது எல்லாப் பிள்ளைக்கும் வேண்டும்" என்றல்லவா கேட்க வேண்டும்? யாருக்குமே வேண்டாம் என்பது என்ன நியாயம்?

தேர்வா? எழுதுகிறார்கள். அடுத்தது.

உண்மையில் இந்தக் கிண்டல்கூடப் பரவாயில்லை. "பாவம் குழந்தை" என்கிற இரக்கம்தான் தாங்கவில்லை. ஒருவர் குரலைத் தாழ்த்தி, "அவளுக்கு ஏதாவது பிரச்சினையா, அதனால்தான் அங்கே போட்டீங்களா?" என்றார். பிரச்சினை இருந்தால்தான் என்ன, அதையும் இப்படிக் கிசுகிசுப்பீர்களா? அவள் பக்கத்து அறையில்தான் இருந்தாள். என்னிடம் எதை வேண்டுமானாலும் கேளுங்கள், திட்டக்கூடச் செய்யுங்கள். அவள் காதில் விழும்படி மட்டும் வேண்டாம்.