அறைந்த சத்தம் மட்டும்தான் கேட்டதா?

நம் வேலூர் பஸ் ஸ்டாண்டில் மணிப்பூர் பையன் ஒருவன் தன்னைச் சீண்டியவனை அறைந்தானே, அந்த வீடியோவைப் பற்றி எழுதவே கூடாது என்று மூன்று நாளாக வாயை மூடிக்கொண்டிருந்தேன். நேற்று ராத்திரி என்னோடு படித்த ஒருவன் காந்தி படத்தைப் போட்டு, ‘வன்முறை தீர்வல்ல, வந்த ஊரில் தம்பி கொஞ்சம் பொறுமையாக இருந்திருக்கலாம்’ என்று எழுதியிருக்கிறான். கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள். சரி, இனி முடியாது.

வீடியோ அவன் அறைந்த இடத்திலிருந்துதான் தொடங்குகிறது. அதற்கு முன்னால் நடந்ததை அங்கே நின்றவர்களே எழுதிவிட்டார்கள். மூன்று பேர் அந்த மணிப்பூர் பையனை ‘சைனா, சிங்கி’ என்று கூப்பிட்டு, நாய்க்கறி பற்றிக் கேட்டு, கடைசியில் ஒருவன் முடியைப் பிடித்து இழுத்தும் பார்த்தான், விக்கா இல்லையா என்று. அதுவரை பையன் அசட்டுச் சிரிப்போடு நின்றிருக்கிறான். அம்மாவை வைத்தியத்துக்குக் கூட்டி வந்தவன், கையில் எக்ஸ்ரே கவர். இன்னொரு முறை வீடியோவைப் பாருங்கள். அறைந்ததும் அவன் ஓடவில்லை, கீழே விழுந்த கவரைக் குனிந்து எடுத்துத் தூசி தட்டுகிறான்.

நான் கேட்பது ஒன்றுதான். பொறுத்துப் போவதா வேண்டாமா என்பது அடிபட்டவன் எடுக்க வேண்டிய முடிவு. பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தவன் அதை ஏன் எடுக்கிறான்?

காந்தி பெயரைச் சொல்கிறீர்களே, 1893இல் பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஸ்டேஷனில் ரயிலை விட்டுத் தள்ளப்பட்டவர் அவர். 1897இல் டர்பனில் வெள்ளைக்காரக் கும்பல் அடித்ததும் அவரைத்தான். வழக்கு வேண்டாம் என்று சொன்னதும் அவரேதான். 1956இல் அமெரிக்காவில் மாண்ட்கோமரியில் மார்ட்டின் லூதர் கிங் வீட்டில் குண்டு வீசினார்கள். உள்ளே மனைவியும் கைக்குழந்தையும். கோபத்தோடு கூடிய கூட்டத்தை அமைதியாகப் போகச் சொன்னார். சொல்லலாம், குண்டு விழுந்தது அவர் வீட்டுத் திண்ணையில். உங்கள் திண்ணையில் என்ன விழுந்தது?

அப்புறம், நம் ஊருக்கு அகிம்சை எப்போது வந்தது? மக்கான் சிக்னலில் நிற்கும் தூண் எதற்கு? 1806இல் சிப்பாய்களிடம் தாடியை மழி, நெற்றிக்குறியை அழி, தோல் வைத்த புதுத் தலைப்பாகையைப் போடு என்றான் கம்பெனிக்காரன். எதிர்த்துப் பேசியவர்களுக்குச் சவுக்கடி. ஜூலை 10 விடியுமுன் கோட்டைக்குள் தூங்கிக்கொண்டிருந்த வெள்ளைக்காரச் சிப்பாய்களைச் சுட்டார்கள், நூற்றுக்கும் மேல் செத்தார்கள். ஆற்காட்டிலிருந்து கில்லஸ்பி என்ற வெள்ளைக்கார அதிகாரி குதிரைப்படையோடு வந்து, பிடிபட்டவர்களைச் சுவரோரம் நிறுத்திச் சுட்டுத் தள்ளினான். ஆனால் அந்தத் தலைப்பாகை உத்தரவு ரத்தானது. ஒவ்வொரு ஜூலையும் மாலை போட்டு ‘முதல் சுதந்திரப் போர்’ என்று நெஞ்சை நிமிர்த்துகிறோம். தலைப்பாகைக்காகத் துப்பாக்கி எடுத்தால் வீரம், முடியை இழுத்ததற்கு ஓர் அறை விட்டால் காட்டுமிராண்டித்தனமா? நல்லாருக்கு நியாயம்.

போலீஸில் சொல்லியிருக்கலாமே என்கிறார் ஒரு அண்ணன். எந்த மொழியில் அண்ணே?

திருப்பி அடித்தால் இன்னும் பெரிதாகும் என்பவர்களை மட்டும் என்னால் அப்படித் தள்ள முடியவில்லை. 2014இல் டெல்லி லஜ்பத் நகரில் நிடோ தானியா என்ற அருணாசலப் பையனின் முடியைக் கிண்டல் செய்தார்கள். கோபத்தில் கடைக் கண்ணாடியை உடைத்தான். கூடி அடித்தார்கள். மறுநாள் செத்துப்போனான், தேதி ஜனவரி 30. உண்மைதான், பயமாக இருக்கிறது. ஆனால் அந்தப் பயம் நம்மைவிட அந்த மணிப்பூர் பையனுக்குத்தானே அதிகம்? அது தெரிந்தும்தானே கை ஓங்கியிருக்கிறான்?

எங்கள் நைனா கதையை இதுவரை இங்கே எழுதியதில்லை. பேர்ணாம்பட்டிலிருந்து பம்பாய்க்குப் போய் தோல் கிடங்கில் வேலை பார்த்தவர். மதராஸிகளை விரட்டிக்கொண்டிருந்த அறுபதுகளின் கடைசி. ஒருநாள் நடுத்தெருவில் இரண்டு பேர் அவர் லுங்கியை உருவிவிட்டார்கள். பட்டாபட்டியோடு நின்றாராம். சுற்றிலும் சிரிப்பு. வெள்ளைச் சட்டை போட்ட ஒரு பெரியவர் மட்டும் கிட்டே வந்து, ‘சண்டை வேண்டாம் தம்பி, எடுத்துக் கட்டிக்கொண்டு போ’ என்று ரொம்ப மரியாதையாகச் சொன்னாராம். நைனாவும் கட்டிக்கொண்டு போனார். அப்புறம் ஊரோடு வந்துவிட்டார். வேலூர் கத்திரி வெயிலிலும் பேண்ட் போடாமல் தெருவில் இறங்க மாட்டார். சாகும்வரை அவர் திட்டியது லுங்கியை உருவினவனை இல்லை, அந்த வெள்ளைச் சட்டைக்காரரை.

‘அப்போ எல்லாரையும் அடிக்கச் சொல்றியா?’ என்று கேட்பீர்கள். இல்லை. நான் யாரையும் அடித்ததில்லை, அடிக்கும் தைரியமும் இல்லை. என் ஜெராக்ஸ் கடையில் வேலை செய்யும் பையன் வடகிழக்கிலிருந்து வருகிறவர்களுக்கெல்லாம் ஒரு பட்டப்பெயர் வைத்திருந்தான். ஆதார் நகல் எடுக்க வந்தவர்கள் முன்னாலேயே சொல்வான், அவர்களுக்குத்தான் தமிழ் தெரியாதே. நானும் சில்லறை எண்ணியபடி சிரித்திருக்கிறேன். நைனா மகன் நான், சிரித்திருக்கிறேன்.

மச்சான், நீ இதைப் படிப்பாய் என்று தெரியும். படத்தை எடுக்கச் சொல்லவில்லை, இருக்கட்டும். அந்த மூன்று பேரில் சிவப்பு டீ-ஷர்ட் போட்டவன் உன் தெருப் பையன். ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டுக்குப் போய் இதே அகிம்சையை அவனிடம் பேசிவிட்டு வரலாம், கிளம்பு. வண்டியில் பெட்ரோல் போட்டு வைத்திருக்கிறேன்.