சியர்லீடிங் பற்றி அமெரிக்க நீதிமன்றம் சொன்னது என்ன?

"சியர்லீடிங் விளையாட்டே அல்ல, அமெரிக்க நீதிமன்றமே சொல்லிவிட்டது" என்று ஒரு வாட்ஸ்அப் தகவல் சுற்றுகிறது. நீதிமன்றம் அப்படிச் சொல்லவில்லை.

வழக்கு, கனெக்டிகட் மாநிலத்தின் குவின்னிபியாக் பல்கலைக்கழகம் பற்றியது. 2009இல் பெண்கள் வாலிபால் அணியைக் கலைத்துவிட்டு, போட்டி சியர் அணியை (மற்ற அணிகளை உற்சாகப்படுத்தாமல், தாங்களே போட்டியிடும் சியர்லீடிங் அணி) தொடங்க அது முடிவெடுத்தது. வாலிபால் வீராங்கனைகள் வழக்குத் தொடுத்தார்கள். கல்வியில் பாலினப் பாகுபாட்டைத் தடுக்கும் 'டைட்டில் 9' சட்டப்படி பெண்களுக்கான வாய்ப்புகளை எண்ணும்போது, சியர் அணியின் 30 இடங்களையும் சேர்க்கலாமா என்பதுதான் கேள்வி.

சேர்க்க முடியாது என்று 2010இல் தீர்ப்பு வந்தது. சியர் பெண்களின் உழைப்பிலோ திறமையிலோ நீதிமன்றம் குறை காணவில்லை. போட்டி அமைப்பில்தான் கண்டது. வளாகத்துக்கு வெளியே போய் வீராங்கனைகளைத் தேடிச் சேர்க்க வழியில்லை. சீசன் முழுக்க ஒரே விதிமுறை இல்லை. எதிரணிகளில் கல்லூரி சாராதவையும் இருந்தன. சீசன் இறுதிப் போட்டிக்கு வெற்றி தோல்வி பார்த்துத் தேர்வு நடக்கவில்லை. வருங்காலத்தில் போட்டி சியர் தகுதி பெறக்கூடும் என்றும் அதே தீர்ப்பில் இருக்கிறது. ஃபார்வர்டு செய்பவர்கள் விட்டுவிடும் வரி அதுதான், அது பெரிய அநியாயம். 2012இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் இத்தீர்ப்பை உறுதிசெய்தது. இரண்டு தீர்ப்புகளையும் இணையத்தில் முழுமையாகப் படிக்கலாம்.

சர்வதேச சியர் சங்கத்துக்கு 2021இல் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி முழு அங்கீகாரம் அளித்தது. (பதக்கப் போட்டியாக இன்னும் சேர்க்கப்படவில்லை.)

அந்தத் தகவல் வந்தால் தயவுசெய்து மேலே அனுப்பாதீர்கள். அனுப்பியவருக்கு இதைச் சொல்லுங்கள்.