போவதற்கு மட்டும் டிக்கெட்

எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் ஒரு யோசனை வந்தது. பிளாட்பாரத்தில் படுத்திருப்பவர்களைக் கணக்கெடுத்து அவரவர் சொந்த ஊருக்கு ரயில் ஏற்றி அனுப்பிவிடலாம், டிக்கெட் செலவைக் கடைக்காரர்கள் பங்கு போட்டுக்கொள்ளலாம் என்று. எழுதியவர் நல்ல மனிதர். கெட்ட எண்ணத்தில் எழுதவில்லை. காலையில் ஷட்டர் தூக்க வரும்போது வாசலில் ஆள் படுத்திருந்தால், அவரை எழுப்புகிற சங்கடம் எனக்கும் தெரியும். 22 வருஷமாகச் சென்னைப் பாரிமுனையில், ஆண்டர்சன் தெருவில், ஒரு பேப்பர் கடையில் வேலை பார்க்கிறேன். குழுவில் எல்லோரும் கட்டைவிரலை உயர்த்திப் போட்டார்கள். நான் மட்டும் வேண்டாம் என்று எழுதினேன். ஏன் என்று கேட்டார்கள். அங்கே இரண்டு வரியில் சொல்ல வரவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

நாங்கள் ஒருமுறை இதைச் செய்திருக்கிறோம்.

பத்து வருஷம் இருக்கும். எங்கள் கடைக்கு நாலு கடை தள்ளி ஒரு பெரியவர் இருந்தார். கல்யாணப் பத்திரிகைக்கு அட்டை வெட்டும்போது ஓரத்தில் நீளநீளமாகக் கழிவு விழும். அதைக் கட்டுக் கட்டாகக் கட்டி எடைக்குப் போடுவது அவர் வேலை. ராத்திரி இரண்டு பெரிய அட்டையை விரித்து அதன்மேல் படுப்பார். மஞ்சளும் குங்குமமுமாகப் பிள்ளையார் அச்சடித்த பக்கம் தரையில் படக்கூடாது என்று திருப்பிப் போட்டுக்கொள்வார். தெலுங்கு கலந்த தமிழ். சின்னவர் பெரியவர் என்றில்லாமல் எல்லோரும் அவருக்கு ‘நைனா’தான். கால் வீங்கி, கட்டு தூக்க முடியாமல் போனபோது, சொந்தம் யாராவது உண்டா என்று விசாரித்தோம். ஆந்திராவில் ஓங்கோல் பக்கம் ஊர், அண்ணன் மகன் இருக்கிறான் என்றார்.

ஆளுக்கு நூறு ரூபாய் போட்டோம். நானும் போட்டேன். புது வேட்டி, ஒரு ஜோல்னாப் பை, பிஸ்கட், கையில் முந்நூறு ரூபாய். சென்ட்ரலில் பினாகினி எக்ஸ்பிரஸில் பொதுப்பெட்டியில் ஜன்னலோரம் இடம் பிடித்து உட்கார வைத்தோம். வண்டி நகர்ந்தபோது எங்களைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். அன்றைக்கு வால்டாக்ஸ் ரோடு வழியாக நடந்து திரும்பும்போது எனக்கு அவ்வளவு மனநிறைவு. வீட்டில் போய்ச் சொன்னேன்.

பதினோராவது நாள் காலையில் அவர் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தார். புது வேட்டி அழுக்காகியிருந்தது. அண்ணன் மகன் அந்த ஊரை விட்டுப் போய் வருஷக்கணக்காகிறதாம். வீட்டில் வேறு யாரோ இருக்கிறார்கள். தெருவில் யாருக்கும் இவரை அடையாளம் தெரியவில்லை. கோயில் வாசலில் சில நாள் இருந்துவிட்டு ரயில் ஏறியிருக்கிறார். நாங்கள் வாங்கிக் கொடுத்த டிக்கெட்டைப் பிளாஸ்டிக் கவரில் மடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்தார். அது போக வர இரண்டுக்குமான டிக்கெட் என்று நினைத்திருக்கிறார். டிக்கெட் பரிசோதகரிடம் அதைத்தான் நீட்டியிருக்கிறார். சூலூர்பேட்டையில் இறக்கிவிட்டார்கள். அங்கிருந்து யூனிட் வண்டியில், அதாவது புறநகர் மின்சார ரயிலில், பேசின்பிரிட்ஜ். அப்புறம் நடை, அந்தக் காலோடு. கவரைப் பிரித்து என்னிடம் காட்டி, “இது செல்லாதா நைனா?” என்று கேட்டார்.

அவர் எங்களை ஒரு வார்த்தை திட்டவில்லை. டிக்கெட் எடுத்த நாங்கள் பதினைந்து பேர். அத்தனை பேரில் ஒருவருக்குக்கூட அந்த ஊருக்கு ஒரு போன் போட்டு விசாரிக்கலாம் என்று தோன்றவில்லை. கால் வீக்கத்துக்கு ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போயிருக்கலாம், நடந்தே போகிற தூரம். அது எங்களுக்குத் தோன்றாமல் 300 கிலோமீட்டர் தள்ளி அனுப்புவது தோன்றியது. வருத்தமாகத்தான் இருக்கிறது, இப்போதும்.

பிற்பாடு படித்துப் பார்த்தால், பெரிய பெரிய நகரங்களே இதைத் திட்டம் போட்டுச் செய்திருக்கின்றன. அமெரிக்காவில், சான் ஃபிரான்சிஸ்கோவில் 2005-இல் ஆரம்பித்தார்கள். நியூயார்க்கில் 2007-இல். வீடில்லாதவர் சம்மதித்தால் பஸ்ஸிலோ விமானத்திலோ ஒருவழி டிக்கெட். இங்கிலாந்தின் கார்டியன் பத்திரிகை 18 மாதம் இதன் பின்னாலேயே அலைந்து 2017-இல் வெளியிட்டது. 16 ஊர்களின் பதிவேடுகளிலிருந்து அவர்கள் திரட்டிய பயணங்கள் மட்டும் சுமார் 34,000. சிலர் உண்மையிலேயே அம்மாவிடமும் அக்காவிடமும் போய்ச் சேர்ந்து நன்றாக இருக்கிறார்கள், அதை மறைக்கக் கூடாது. ஆனால் போனவர் என்ன ஆனார் என்று பல ஊர்களில் யாரும் தொடர்ந்து பார்க்கவில்லை. ஆள் ஏறியதுமே கணக்கில் ஒருவர் குறைந்துவிடுகிறார். ஃபுளோரிடாவில் கீ வெஸ்ட் என்ற ஊரில், டிக்கெட் வாங்குபவர் இனி திரும்பி வந்தால் காப்பக உதவி கேட்கமாட்டேன் என்று கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. அதைப் படித்தபோது எனக்கு அந்த பிளாஸ்டிக் கவர்தான் ஞாபகம் வந்தது.

இதைவிட மோசமான ஒன்றும் நடந்திருக்கிறது. நெவாடா மாநிலத்தில், லாஸ் வேகாஸில் உள்ள அரசு மனநல மருத்துவமனை, 2008-இலிருந்து ஐந்து வருஷத்தில் சுமார் 1,500 நோயாளிகளைக் கிரேஹவுண்ட் பஸ்ஸில் ஏற்றி வேறு மாநிலங்களுக்கு அனுப்பியது. அதில் ஒருவரை மூன்று நாள் மாத்திரையோடு, தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லாத சாக்ரமென்டோவுக்கு அனுப்பியிருந்தார்கள். அவர் வழியாகத்தான் 2013-இல் விஷயம் வெளியே வந்தது. சான் ஃபிரான்சிஸ்கோ நகரமே நெவாடா மாநிலத்தின் மேல் வழக்குப் போட்டது. 2015-இல் 4 லட்சம் டாலருக்குச் சமரசம் ஆனது. தன் ஊரிலிருந்து டிக்கெட் கொடுத்து அனுப்புகிற அதே நகரம்தான், தன் ஊருக்கு ஆள் வந்து இறங்கியபோது கோர்ட்டுக்குப் போனது.

நம் நாட்டில் டிக்கெட்கூடக் கிடையாது. 2017-இலிருந்து வருஷா வருஷம் தூய்மையான நகரம் என்று பட்டம் வாங்குகிற இந்தூரில், 2021 ஜனவரிக் குளிரில், தெருவில் இருந்த வயதானவர்களை மாநகராட்சி வண்டியில் ஏற்றி ஊருக்கு வெளியே நெடுஞ்சாலை ஓரம் இறக்கிவிட்டார்கள். பக்கத்துக் கிராமத்துக்காரர்கள் சத்தம் போட்டு வீடியோ எடுத்த பிறகுதான் திரும்ப ஏற்றினார்கள். எழுந்து நிற்கவே முடியாத பாட்டிமார்கள் அவர்கள். அந்த வீடியோவை முழுசாகப் பார்க்க என்னால் முடியவில்லை.

நம் சென்னை மட்டும் என்ன? 2019 டிசம்பரில், பள்ளிக்கூடம் நடந்துகொண்டிருக்கும்போதே, சென்ட்ரல் பக்கத்துச் சத்தியவாணி முத்து நகர் குடிசைப் பகுதியை இடித்து, அங்கிருந்தவர்களைப் பெரும்பாக்கத்துக்குக் கொண்டுபோனார்கள். அவர்கள் வீடு கிடைத்தவர்கள், கதை வேறு என்று சொல்வீர்கள். சரி, வீடு கிடைத்தது. வேலை இங்கேயே இருந்துவிட்டது. மீன் விற்ற அக்கா, வீட்டுவேலை செய்த அக்கா எல்லோரும் 25 கிலோமீட்டருக்கு மேல் திரும்பி வந்துதான் சம்பாதிக்க வேண்டியிருந்தது. சாதாரணப் பஸ்ஸில் இப்போது பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஆனால் போக வர ஆகிற நேரத்தை யார் கொடுப்பார்கள்?

அப்புறம் ‘சொந்த ஊர்’ என்கிறோமே, அது. என்.எஸ்.சி. போஸ் ரோட்டில் பூ கட்டுகிற ஒரு அக்காவை எனக்குப் பதினைந்து வருஷமாகத் தெரியும். அவருடைய அம்மா பிறந்தது அந்த பிளாட்பாரத்தில். அவர் பிறந்ததும் அங்கேதான். மகள் இப்போது பிளஸ் டூ. வாக்காளர் அட்டையில் விலாசம், எதிரே இருக்கிற கட்டடத்தின் நம்பர். தேர்தலுக்குத் தேர்தல் ராயபுரத்தில் இருக்கிற நான் எப்படி ஓட்டுப் போடுகிறேனோ, அப்படித்தான் அவரும் போடுகிறார். இந்த ரோட்டில் இருக்கிற பாதிக் கடைகளைவிட அவர் குடும்பம் இங்கே மூத்தது. இவருக்கு எந்த ஊருக்கு டிக்கெட் எடுப்பது என்று குழுவில் கேட்டேன். பதில் வரவில்லை.

“காப்பகம் இருக்கிறதே, அங்கே போகட்டும்” என்று ஒருவர் எழுதினார். பெரும்பாலும் ஆண்களுக்குத் தனிக் காப்பகம், பெண்களுக்குத் தனிக் காப்பகம். அந்த அக்காவும் அவர் வீட்டுக்காரரும் பிள்ளைகளும் மூன்று இடத்தில் பிரிந்து படுக்க வேண்டும். விடிகாலை நாலு மணிக்குப் பூ எடுக்கப் போகிறவர் தூரத்தில் எங்கோ போய் எப்படித் தங்குவார்? ஒரு லட்சம் பேருக்கு ஒரு காப்பகமாவது வேண்டும், அது வருஷம் முழுக்க 24 மணி நேரமும் திறந்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010-இலேயே சொல்லிவிட்டது. எங்கள் தெருக்காரர்கள் மனு எழுதுவதாக இருந்தால், பாரிமுனையைச் சுற்றிக் குடும்பத்தோடு தங்குகிற இடம் வேண்டும் என்று எழுதட்டும். முதல் கையெழுத்து என்னுடையது.

ஊருக்கு அனுப்பவே கூடாது என்று நான் சொல்லவில்லை. 1993-இலிருந்து நம் சென்னையில் பேன்யன் அமைப்பு, மனநலம் பாதித்துத் தெருவில் அலைந்த பெண்களைக் குடும்பத்தோடு சேர்த்துவைத்து வருகிறது. மகாராஷ்டிரத்தில் டாக்டர் பரத் வாட்வானி இதே வேலைக்காக 2018-இல் மகசேசே விருது வாங்கினார். முதலில் சிகிச்சை. ஆள் தேறி, தன் ஊர் இதுதான் என்று சொன்ன பிறகு, கூடவே ஆள் போய் வீட்டில் ஒப்படைக்கிறார்கள், மருந்தும் தொடர்கிறது. அதற்கு மாதக்கணக்கில் ஆகும். எங்களுக்கோ ஒரு சாயங்காலம் போதுமானதாக இருந்தது.

அந்தப் பெரியவர் திரும்பி வந்த பிறகு இரண்டு வருஷம் எங்கள் தெருவில்தான் இருந்தார். கால் ஓரளவு சரியானது. ஒரு மழைக்காலத்தில் காய்ச்சல் வந்து ஸ்டான்லியில் இறந்தார். அப்போதும் ஆளுக்கு நூறு ரூபாய் போட்டோம். மூலக்கொத்தளத்தில் அடக்கம் செய்தோம்.

இப்போது வால்டாக்ஸ் ரோட்டில் ஒரு தம்பி இருக்கிறான். லாரி ஷெட்டில் மூட்டை தூக்குகிறான், குடியாத்தத்துக்காரன். ஒரு மாதம் பழகிய பிறகு அக்கா நம்பரை அவனே கொடுத்தான். போன் செய்தேன். அந்த அம்மா ரொம்ப நேரம் பேசவில்லை, அழுதுகொண்டே இருந்தார். பிறகு, “கூட்டிட்டு வாங்கண்ணா, ஆனா அவன் மாமாகிட்ட நான் முதல்ல பேசிக்கிறேன்” என்றார். மூன்று நாள் கழித்து அவரே கூப்பிட்டு வரச் சொன்னார். தம்பிக்குப் போக ஆசையும் இருக்கிறது, பயமும் இருக்கிறது. பிடிக்கவில்லை என்றால் அன்றைக்கே திரும்பிவிடலாம் என்று சொல்லியிருக்கிறேன். வரும் ஞாயிற்றுக்கிழமை போகிறோம். போக இரண்டு சீட்டு, வர இரண்டு சீட்டு, நாலுமே ரிசர்வ் செய்தாகிவிட்டது.