கிலோ என்ன விலை?

(திருவல்லிக்கேணி நடைபாதை. பழைய புத்தகக் கடை.)

வாசு: அண்ணாச்சி, இந்தக் குப்பைக் கட்டு கிலோ என்ன விலை?

கடைக்காரர்: 40 ரூபாய். எல்லாம் படக்கதை. வீட்டில் குழந்தைக்கா சார்?

வாசு: ஆமாம், குழந்தைக்குத்தான்.

கடைக்காரர்: என்ன வயது?

வாசு: இனிமேல்தான் எனக்குப் பெண் பார்க்க வேண்டும்.

கடைக்காரர்: நல்ல முன்னேற்பாடு! ஆனால் கட்டில் பாதி, பாட்டி வடை சுட்ட கதைதான். ஒன்று போதாதா?

வாசு: (பொறுக்க முடியாமல்) ஒரே கதையா? படத்தைப் பாருங்கள்! இதில் நரிக்கு வேட்டி. இதில் பாட்டிக்கு மூக்குத்தி. இந்த ஓவியர் உளுந்து வடை போட்டுவிட்டார். காகம் ஓட்டைக்குள் அலகை விட்டிருக்கிறது. கச்சேரியே செய்தாலும் வடை எப்படி விழும்? பருப்பு வடைதான் முறை.

கடைக்காரர்: அடேயப்பா! இத்தனை காலம் விற்கிறேன், என் கண்ணில் படவில்லையே. சொல்லுங்கள் சார், சொல்லுங்கள்.

வாசு: (நிமிர்ந்து) கிரேக்க ஈசாப் கதையில் காகம் தூக்கியது இறைச்சி. பிரான்சில் லா ஃபோன்டேன் 1668இல் பாட்டாக எழுதியபோது பாலாடைக்கட்டி. வால்டர் கிரேன் 1887இல் ஈசாப்புக்குப் படம் வரைந்தார். கதைக்கு ஐந்தே வரி. மீதி இடமெல்லாம் ஓவியம்.

கடைக்காரர்: இந்தச் சிங்கமும் முயலும்?

வாசு: பஞ்சதந்திரம். எட்டாம் நூற்றாண்டில் அதை அரபுக்குக் கொண்டுபோன இப்னு அல் முகஃபா, படங்கள் மன்னர்களின் மனத்தை மகிழ்விக்கும் என்று முன்னுரையிலேயே எழுதிவிட்டார். தமிழில் தாண்டவராய முதலியார், 1826.

கடைக்காரர்: கல்லூரியில் பாடம் நடத்த வேண்டியவர், இந்த வெயிலில் நிற்கிறீர்களே! இதில் எது சார் அபூர்வம்?

வாசு: இதோ! காகம் வடையைக் காலடியில் வைத்துக்கொண்டு பாடுகிறது, நரி ஏமாறுகிறது. இந்த முடிவுக்கு முழுப்பக்கப் படம் போட்ட புத்தகத்துக்காக எங்கெல்லாம் அலைந்தேன் தெரியுமா?

கடைக்காரர்: (அதை வாங்கித் தன் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு) மற்றவை கிலோ 40. இது மட்டும் 600.

வாசு: ஐயோ, முதலில் கட்டு முழுவதையும் கிலோ 40 என்றீர்களே!

கடைக்காரர்: அப்போது அது குப்பை சார். நீங்கள்தானே சொன்னீர்கள்?

வாசு: 300 தருகிறேன்.

கடைக்காரர்: 500. அப்படியே அந்த அரபுக்காரர் பெயரையும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். அடுத்து வருகிறவரிடம் சொல்ல வேண்டும்.