நோட் 7 வெடிச்சது சார்ஜர்னாலயா?

நைட் ஃபுல்லா சார்ஜ்ல போட்டதாலதான் சாம்சங் நோட் 7 வெடிச்சுதுன்னு ஒரு ஃபார்வேர்டு சுத்துது, தப்புங்க. 2016 ஆகஸ்ட்ல வந்த போன், அடுத்த மாசமே திரும்ப வாங்குனாங்க, பதிலுக்கு வேற கம்பெனி பேட்டரி போட்டு குடுத்ததும் தீப்பிடிச்சுது, அக்டோபர்ல தயாரிப்பையே நிறுத்திட்டாங்க. வாங்குனவன் மேல பழி போட்டா எப்படி? 2 லட்சம் போன், 30 ஆயிரம் பேட்டரிய டெஸ்ட் பண்ணிட்டு 2017 ஜனவரில சாம்சங்கே கோளாறு பேட்டரிலதான்னு ஒத்துக்கிச்சு. மொத பேட்டரில மேல் வலது மூலைல நெகட்டிவ் தகடு வளைஞ்சு போச்சு, ரெண்டாவதுல வெல்டிங் பிசிறு துருத்திக்கிட்டு நடுவுல இருக்க மெல்லிசு தடுப்ப குத்தி ஷார்ட் ஆச்சு, சிலதுல இன்சுலேஷன் டேப்பே ஒட்டல (என்னா அலட்சியம்!). சார்ஜிங், சாஃப்ட்வேர்னு எல்லாத்தையும் தனித்தனியா செக் பண்ணாங்க, அதுல எதுவும் மாட்டல.