43-ம் எண் மானியக் கோரிக்கை

தமிழ்நாடு சட்டப்பேரவையின் பட்ஜெட் கூட்டத்தொடர் வந்தால் பள்ளிக் கல்வித் துறை மானியக் கோரிக்கை (துறையின் செலவுக்குப் பேரவையிடம் ஒப்புதல் கேட்பது) என்றைக்கு என்று தேடிப் பார்த்து வைத்துக்கொள்வேன். ரிட்டயர்டு வாத்தியாருக்கு வேறு என்ன வேலை என்று வீட்டில் கிண்டல் செய்வார்கள். கேள்வி நேரத்தை நேரலையில் பார்க்கலாம். விவாதம் முழுசாகக் கிடைக்காது, துண்டு துண்டாகத்தான் வரும். அப்புறம் கொள்கை விளக்கக் குறிப்பை இணையத்தில் இறக்கி மெதுவாகப் படிப்பேன்.

பள்ளிக் கல்விக்கு மானியக் கோரிக்கை எண் 43. உயர்கல்விக்கு 20. 2025-26 பட்ஜெட்டில் பள்ளிக் கல்விக்கு மட்டும் 46,767 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். மாநிலத்தின் மிகப் பெரிய ஒதுக்கீடுகளில் ஒன்று. அவ்வளவு பணத்தையும் பேரவை பேசி முடிப்பது பெரும்பாலும் ஒரே நாளில்.

அந்த நாள் எப்படிப் போகும் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். உறுப்பினர் எழுந்திருப்பார். தலைவருக்கு வணக்கம், மறைந்த தலைவருக்குப் புகழாரம், ஒரு குறள், அமைச்சருக்கு இரண்டு வரிக் கவிதை. மேசை தட்டுவார்கள். கொடுத்த நேரத்தில் பாதி அதிலேயே கரைந்திருக்கும். அப்புறம் விஷயத்துக்கு வருவார்: "என் தொகுதியில் உள்ள இந்த உயர்நிலைப் பள்ளியை மேல்நிலைப் பள்ளியாகத் தரம் உயர்த்த அரசு ஆவன செய்யுமா?" "உறுப்பினர் குறிப்பிடும் பள்ளி விதிமுறைகளின்படி தகுதி பெற்றிருந்தால், நிதிநிலைக்கேற்பப் பரிசீலிக்கப்படும்" என்பார் அமைச்சர். அதற்குள் மணி அடித்துவிடும். பேரவைத் தலைவர் "முடியுங்கள், முடியுங்கள்" என்பார். மாலையில் அமைச்சர் பதிலுரை, புதிய அறிவிப்புகள், ஒதுக்கீட்டைக் குறைக்கச் சொல்லும் வெட்டுத் தீர்மானங்களைத் திரும்பப் பெறுதல், குரல் வாக்கு. முடிந்தது.

தொகுதிக்குப் பள்ளி கேட்பது தப்பு என்று சொல்லவில்லை. ஐந்து வகுப்புக்கு இரண்டு ஆசிரியர் இருக்கிற தொடக்கப் பள்ளிக்கு மூன்றாவது ஆளைக் கேட்டு வாங்கித் தரும் எம்.எல்.ஏ. நல்ல எம்.எல்.ஏ.தான். ஆனால் கட்டடம், தரம் உயர்த்தல், சுற்றுச்சுவர் இதெல்லாம் மனு கொடுத்து நடக்கிற காரியங்கள். பிள்ளைகள் என்ன படிக்க வேண்டும், எப்போது தேர்வு எழுத வேண்டும், யார் சொல்லித் தர வேண்டும் என்பதைப் பேரவை பேசுவதே அபூர்வமாகிவிட்டது. என் ஆதங்கம் அதுதான்.

11-ம் வகுப்புப் பொதுத் தேர்வையே எடுத்துக்கொள்ளுங்கள். 2017-18-ல் அதைக் கொண்டுவந்தார்கள். காரணம் நியாயமானது. பல தனியார் பள்ளிகள் 11-ம் வகுப்புப் பாடத்தைத் தொடுவதே இல்லை, இரண்டு வருஷமும் பிளஸ் டூ பாடத்தையே உருப்போட வைத்தார்கள். நான் இயற்பியல் நடத்தியவன். ஒரு தனியார் பள்ளியில் 11 முடித்துவிட்டு எங்களிடம் 12-க்கு வந்த பையன் வெக்டார் கூட்டலுக்குப் படம் போடத் தெரியாமல் நின்றான். அவனைக் குற்றம் சொல்ல முடியாது. அந்த அத்தியாயத்தை யாரும் அவனுக்குத் திறந்து காட்டவே இல்லை. அலைவுகள், ஈர்ப்பியல், வெப்பவியல் எல்லாம் 11-ல்தான் இருக்கின்றன. நீட், ஜே.இ.இ. இரண்டிலும் கேள்விகள் அங்கிருந்தும் வரும்.

2025 ஆகஸ்ட் 8-ம் தேதி கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் மாநிலக் கல்விக் கொள்கையை முதல்வர் ஸ்டாலின் வெளியிட்டார். 11-ம் வகுப்புப் பொதுத் தேர்வு அந்தக் கல்வியாண்டிலிருந்தே கிடையாது என்று ஆனது. பிள்ளைகளின் பாரம் குறையும் என்பதும் நியாயமான காரணம்தான். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிற விஷயத்தைத்தானே ஐயா சபையில் வைத்துப் பேச வேண்டும்? தேர்வு வந்ததும் அரசாணையில், போனதும் அரசாணையில். நடுவில் 5, 8-ம் வகுப்புகளுக்கும் பொதுத் தேர்வு என்று 2019-ல் அறிவித்து, பெற்றோர் கொந்தளித்ததும் 2020 பிப்ரவரியில் ரத்து செய்தார்களே, அதுவும் அப்படியே. 11-ம் வகுப்புத் தேர்வு வந்ததும் இந்த 5, 8 விவகாரமும் அ.தி.மு.க. ஆட்சியில் நடந்தவை, 11-ம் வகுப்புத் தேர்வு போனது தி.மு.க. ஆட்சியில். இதில் கட்சி வித்தியாசம் பார்க்க ஒன்றுமில்லை.

மாநிலக் கல்விக் கொள்கைக்கு ஓய்வு பெற்ற நீதிபதி முருகேசன் தலைமையில் 2022-ல் குழு போட்டார்கள். பெரிய பெரிய ஆட்கள் இருந்தார்கள். அதிகாரிகளின் தலையீடு என்று குற்றம் சாட்டிக் குழு உறுப்பினர் ஜவஹர் நேசன் 2023-ல் விலகினார். 2024 ஜூலையில் அறிக்கை முதல்வர் கைக்குப் போனது. அங்கிருந்து கொள்கையாக வெளிவர ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. அந்த ஒரு வருஷத்தில் ஒரு முழு பட்ஜெட் கூட்டத்தொடர் நடந்தது. வெளியிட்ட அன்றைக்கோ பேரவை கூடியிருக்கவே இல்லை. அடுத்துக் கூடியது அக்டோபரில். ஒரு தலைமுறையின் படிப்பைத் தீர்மானிக்கிற கொள்கைக்கு, பத்தி பத்தியாகப் படித்து "இது வேண்டாம், இதைத் திருத்து" என்று சொல்லும் வாய்ப்பு 234 பேரில் பெரும்பாலானோருக்குக் கிடைக்கவில்லை. அவர்களும் கேட்டுச் சண்டை போட்டதாகத் தெரியவில்லை.

அந்தக் கொள்கையில் எனக்கு உடன்பாடு உள்ளவை நிறைய. இருமொழி, எட்டாம் வகுப்பு வரை நிறுத்தி வைக்காமல் மேலே அனுப்புவது, 3, 5, 8-ல் பொதுத் தேர்வு இல்லை என்பதெல்லாம் சரி. நான் சண்டைக்கு நிற்பது அது வந்த வழியைப் பற்றி மட்டும்.

பேரவை இப்படியே இருந்ததில்லை. 1953-ஐப் பாருங்கள். ராஜாஜி முதல்வர். கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் பாட நேரத்தைக் குறைத்து, மிச்ச நேரத்தில் பிள்ளைகள் வீட்டில் அப்பன் தொழிலைப் பழகட்டும் என்று ஒரு திட்டம். எதிர்த்தவர்கள் குலக்கல்வித் திட்டம் என்றார்கள், அந்தப் பேர்தான் நின்றது. சபையைக் கலந்தாலோசிக்காமல் கொண்டுவந்த திட்டம் அது. ஜூலை மாதம் விஷயம் சபைக்கு வந்தது. திட்டத்தைக் கைவிடச் சொல்லும் தீர்மானத்துக்கு ஆதரவாக 138, எதிராக 138. சரிசமம். அடுத்து, திட்டத்தை நிறுத்தி வைத்து நிபுணர் குழுவுக்கு அனுப்பச் சொல்லும் தீர்மானம் இரண்டே வாக்கு வித்தியாசத்தில் நிறைவேறியது. ஆளும் கட்சி முன்வைத்த கல்வித் திட்டத்தைச் சபை எண்ணிப் பார்த்து நிறுத்தியது! இன்றைக்கு இதை நினைத்துப் பார்க்க முடிகிறதா?

இதில் ஒரு வேடிக்கை உண்டு. பருலேகர் தலைமையிலான அந்த நிபுணர் குழு, திட்டம் நல்லதுதான் என்று சான்றிதழ் கொடுத்துவிட்டது. வெளியே பெரியாரும் தி.மு.க.வும் நடத்திய போராட்டமும், காங்கிரசுக்குள்ளேயே எழுந்த எதிர்ப்பும் சேர்ந்துதான் ராஜாஜியை விலக வைத்தன. 1954-ல் காமராஜர் வந்து திட்டத்தைத் தூக்கி எறிந்தார். நிபுணர் குழு போட்டுவிட்டோம், அறிக்கை வந்துவிட்டது, இனி என்ன விவாதம் என்று கேட்பவர்களுக்கு நான் எப்போதும் இதைத்தான் நினைவூட்டுவேன்.

பேரவை சட்டமாகச் செய்தவை நின்றும் இருக்கின்றன. 2006 தமிழ் கற்றல் சட்டம். பொறியியல், மருத்துவத்துக்கு மாநில நுழைவுத் தேர்வை ஒழித்த சட்டம், அதுவும் 2006-ல் நிறைவேறியது. நீட் வரும் வரை கிராமத்துப் பிள்ளைகளுக்குக் கதவைத் திறந்து வைத்திருந்தது அதுதான். 2010 சமச்சீர்க் கல்விச் சட்டம். அடுத்த வருஷம் ஆட்சி மாறியதும் அதை நிறுத்தி வைக்கத் திருத்தம் கொண்டுவந்தார்கள். பள்ளிக்கூடம் திறந்தும் பிள்ளைகள் கையில் புத்தகம் இல்லை. 2011 ஆகஸ்ட் 9-ம் தேதி உச்ச நீதிமன்றம், பத்து நாளுக்குள் அமல்படுத்து என்றது. அது அரசாணையாக மட்டும் இருந்திருந்தால் ஒரே கையெழுத்தில் காணாமல் போயிருக்கும். அப்புறம் 2020-ல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவத்தில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு. ஆளுநர் ஒப்புதலுக்கு ஒரு மாதத்துக்கு மேல் காத்திருந்து, கடைசியில் அரசாணை போட்ட பிறகு மறுநாள் கையெழுத்து வந்தது. இன்றைக்கு அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகள் வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு நிற்கிறார்கள் என்றால் அந்தச் சட்டம்தான் காரணம்.

சட்டம் போட்டால் மட்டும் போதாது, அவசரத்தில் போட்டால் என்ன ஆகும் என்பதற்கும் சாட்சி இருக்கிறது. 2025 அக்டோபரில் தனியார் பல்கலைக்கழகத் திருத்த மசோதாவை நிறைவேற்றினார்கள். நடக்கிற கல்லூரிகள், அரசு உதவி பெறும் கல்லூரிகள் உட்பட, தனியார் பல்கலைக்கழகமாக மாற வழி விடும் மசோதா. அரசு சம்பளம் கொடுத்து வளர்த்த கல்லூரி, ஏழைப் பிள்ளைகள் சொற்பக் கட்டணத்தில் படிக்கிற கல்லூரி, அதில் கட்டணம் என்ன ஆகும், இட ஒதுக்கீடு என்ன ஆகும், ஆசிரியர் கதி என்ன? நாலு நாள் கூட்டத்தொடரின் கடைசி நாளில் நிறைவேறியது. ஆசிரியர் சங்கங்கள் கிளம்பின, கூட்டணிக் கட்சிகளே எதிர்த்தன. ஒரு வாரம், பத்து நாளுக்குள் அரசு பின்வாங்கியது. பின்வாங்கியதைப் பாராட்டுகிறேன். ஆனால் அந்தக் கேள்விகளையெல்லாம் மசோதாவை ஆராயும் ஒரு பேரவைத் தேர்வுக் குழு முன்கூட்டியே கேட்டிருந்தால் இந்தக் கூத்து எதற்கு?

நம் பேரவையில் பொதுக் கணக்குக் குழு இருக்கிறது, மதிப்பீட்டுக் குழு இருக்கிறது, உறுதிமொழிக் குழு, மனுக்கள் குழு எல்லாம் இருக்கின்றன. கல்விக்கென்று ஒரு குழு இல்லை. எந்தத் துறைக்கும் இல்லை. பக்கத்துக் கேரளாவில் 1980-லிருந்து துறைவாரியான குழுக்கள் இயங்குகின்றன. பட்ஜெட் பொது விவாதம் முடிந்ததும் மானியக் கோரிக்கைகள் நேரே அந்தக் குழுக்களுக்குப் போகும். எல்லாக் கட்சி உறுப்பினர்களும் உட்கார்ந்து, அதிகாரிகளைக் கூப்பிட்டு, வரி வரியாகக் கேட்பார்கள். அதற்கப்புறம்தான் சபைக்கு வரும். மசோதாவும் அங்கே போகும். நாடாளுமன்றத்திலும் 1993-லிருந்து இருக்கிறது.

நாடாளுமன்றம் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். மத்திய அரசின் பி.எம். ஸ்ரீ பள்ளித் திட்டத்தில் கையெழுத்துப் போடவில்லை என்று 2024-25-க்கு நமக்கு வர வேண்டிய சமக்ர சிக்ஷா (ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டம்) பணம் 2,152 கோடியை டெல்லி நிறுத்தியது. ஆசிரியர் சம்பளமும் தனியார் பள்ளிகளில் ஏழைப் பிள்ளைகளின் 25 சதவீத இலவசச் சேர்க்கையும் அதில் அடிபட்டன. 1976-ல் 42-வது திருத்தத்தில் கல்வியை, மத்திய அரசும் மாநில அரசும் சட்டம் செய்யக்கூடிய பொதுப்பட்டியலுக்குக் கொண்டுபோனதன் பலன் இது, நியாயமான கோபம். அந்தக் கோபத்துக்குப் பக்கபலமாக நின்றது எது தெரியுமா? திக்விஜய் சிங் தலைமையிலான நாடாளுமன்றக் கல்வி நிலைக்குழு. ஒரு திட்டத்தில் சேராததற்காக இன்னொரு திட்டத்தின் பணத்தை நிறுத்துவது சரியல்ல என்று 2025 மார்ச்சில் அறிக்கையிலேயே எழுதியது. எல்லாக் கட்சியினரும் இருக்கிற குழு. அந்த அறிக்கையை நாமே மேடைக்கு மேடை எடுத்துக் காட்டினோம். அதே போன்ற குழுவை நம் கோட்டையில் ஏன் வைக்கவில்லை என்று ஒருவரும் கேட்கவில்லை.

டெல்லியோடு சண்டை போட வேண்டியதுதான். 1968 ஜனவரியில் அண்ணா காலத்தில் இருமொழித் தீர்மானம் போட்ட சபை இது, அந்தத் தெம்பு வேண்டும். ஆனால் எதைக் கேட்டாலும் "டெல்லி பணம் தரவில்லை" என்று பதில் வந்தால், மாநிலம் தானே செய்ய வேண்டியது எங்கே போயிற்று?

அப்படி ஒரு கல்விக் குழு அமைந்தால் கேட்பதற்கு விஷயமா இல்லை? 2012-ல் 16,549 பகுதிநேர ஆசிரியர்களை ஐயாயிரம் ரூபாய்க்கு எடுத்தார்கள். ஓவியம், தையல், உடற்கல்வி, கணினி சொல்லித் தருபவர்கள். சம்பளம் மெல்ல மெல்ல ஏறி 2024-ல் 12,500-க்கு வந்தது, பணி நிரந்தரம் மட்டும் ஒவ்வொரு தேர்தல் அறிக்கையிலும் பத்திரமாக இருக்கிறது. 2025 செப்டம்பர் 1-ம் தேதி உச்ச நீதிமன்றம், ஓய்வுக்கு ஐந்து வருஷத்துக்கு மேல் இருக்கிற ஆசிரியர்கள் இரண்டு வருஷத்துக்குள் டெட் எனும் ஆசிரியர் தகுதித் தேர்வில் தேற வேண்டும் என்றது. சிறுபான்மைப் பள்ளிகள் நீங்கலாக, எட்டாம் வகுப்பு வரை எடுப்பவர்களுக்குப் பொருந்தும். ஐம்பது வயதில் காலையில் எமிஸ் (பள்ளி விவரங்களுக்கான இணையதளம்) பதிவு, பகலில் வகுப்பு, ராத்திரி டெட் கைடு என்று உட்கார்ந்திருக்கிற டீச்சர்களை எனக்குத் தெரியும். எந்த மாவட்டத்தில் எத்தனை பேர், தேறாதவர் இடத்துக்கு யார் என்ற கணக்கைக் குழு கேட்டு வாங்கலாம். 3, 5, 8-ம் வகுப்புகளுக்கு 2025-ல் நடந்த மாநில அளவிலான அடைவுத் தேர்வில் தன் மாவட்டப் பிள்ளைகள் கணக்கில் எங்கே நிற்கிறார்கள் என்று ஒரு உறுப்பினராவது கேட்கலாம். 11-ம் வகுப்புப் பொதுத் தேர்வு போன பிறகு தனியார் பள்ளிகள் பழைய குருடி கதவைத் திறடி என்று கிளம்பியிருக்கின்றனவா என்று திடீர் ஆய்வுக்கும் போகலாம்.

சட்டம் மாற்றத் தேவையில்லை, பேரவை விதிகளில் திருத்தம் செய்தால் போதும். விதி 110-ஐ மட்டும் எல்லா முதல்வர்களும் நன்றாகவே தெரிந்து வைத்திருக்கிறார்கள். அதன் கீழ் அறிக்கை வாசித்தால் விவாதமே கிடையாதே!

எங்கள் தொகுதி உறுப்பினருக்கு இதைச் சுருக்கிக் கடிதமாகப் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். ஒப்புகை அட்டை திரும்பி வந்துவிட்டது, பதில் வந்தால் இங்கேயே போடுகிறேன். கேரளக் கல்விக் குழுவின் கூட்டங்களைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர்கள், அங்கே வேலை செய்தவர்கள் நட்பு வட்டத்தில் இருந்தால் அது நிஜமாக எப்படி நடக்கிறது என்று எழுதுங்கள். குறைகளையும் சேர்த்தே எழுதுங்கள்.