கண்ணே மட்டமாம்!

பாத்ரூமுக்குப் புது டைல்ஸ் போட்டு முழுசாப் பத்து நாள் ஆகல. குளிச்சு முடிச்சா தண்ணி, அது வெளியே போற ஓட்டை மேல இருக்கிற ஜாலி பக்கம் போகாம, கதவு மூலைக்கு வந்து குளம் கட்டி நிக்குது. தினமும் துடைப்பத்தால தள்ளிவிடறதே வேலையாப் போச்சு. கொத்தனார்கிட்ட கேட்டா, "வாட்டம் சரியாத்தான் சார் இருக்கு, மெதுவாப் போகும்"ங்கிறார். எப்போ? அடுத்த ஆடிக்கா?

வேலை நடக்கும்போதே சொன்னேன், நாலடிக்கு அரை அங்குலமாவது இறக்கம் வேணும், மட்டம் பார்க்கிற கருவி, ரசமட்டம், அதை வெச்சுப் பாருங்கன்னு. "முப்பது வருஷ அனுபவம் சார், கண்ணே மட்டம்"னுட்டார். தரைக்கு ரெண்டடிக்கு ரெண்டடி டைல் வாங்கினது என் தப்புதான், ஒத்துக்கிறேன். அவ்வளவு பெரிய டைலை வெட்டாம நாலு பக்கமிருந்தும் ஜாலியை நோக்கிச் சாய்க்க முடியாது. ஒரு அடிக்கு ஒரு அடி சொரசொரப்பு டைல் போதும்னு அம்மா தலையால அடிச்சுக்கிட்டாங்க. நான் கடைக்காரர் பேச்சைக் கேட்டேன்.

இதைவிடக் கொடுமை ஒண்ணு. டைல் ஒட்டறதுக்கு முன்னாடி வாட்டர் ப்ரூஃபிங் பூசி, ஜாலி வாயை அடைச்சு, ஒரு நாள் முழுக்கத் தண்ணி கட்டி, கசியுதான்னு பார்க்கணும். இவர் ரெண்டு பக்கெட் ஊத்திட்டு டீ குடிக்கப் போயிட்டார். இப்போ ஹால் சுவர்ல, சுவிட்ச் போர்டுக்குக் கீழே, பெயிண்ட் அப்பளமா உப்பி வருது. ஜாலியைச் சுத்தி வெச்ச டைல் துண்டோ கடிச்சு வெச்ச முறுக்கு மாதிரி இருக்கு. அந்த இடுக்கெல்லாம் வெள்ளை சிமென்ட் அப்பியிருக்கார், அதுவும் அதுக்குள்ள மஞ்சள் தட்டிருச்சு.

நேத்து போன் பண்ணினா, "மறுபடி உடைக்கணும் சார்"னு கூசாம சொல்றார். கூலி தனியாம்.